சாயம் சரிதான், கூட்டாளியைப் பாருங்க

எக்ஸ்ட்ராடென்டிகிள் மரபணு பழுதான பழ ஈக் கருவில் அல்ட்ராபைத்தோராக்ஸ் புரதத்தைக் காட்டும் சாயம் வழக்கமான இடத்தில்தான் விழுகிறது, ஆனால் உடற்கண்டங்களின் அடையாளம் மாறிவிட்டது, சாயமிட்டதில் பிழையா என்று கேட்டிருந்தீங்க. பிழை இல்லை. அல்ட்ராபைத்தோராக்ஸ் மாதிரி, எந்தக் கண்டம் என்னவாகணும் என்று தீர்மானிக்கும் ஹாக்ஸ் புரதம் தனியாக டிஎன்ஏவில் தேடும் எழுத்துத் தொடர் ரொம்பக் குட்டி, எங்கே பார்த்தாலும் கிடைக்கும். எக்ஸ்ட்ராடென்டிகிள் புரதம் பக்கத்தில் சேர்ந்து உட்கார்ந்தால்தான் நீளமான, குறிப்பான இடத்தைப் பிடிக்கும், வயிற்றுக் கண்டத்தில் கால் முளைக்காமல் கால் வளரச் செய்யும் டிஸ்டல்-லெஸ் மரபணுவை அடக்குவது இப்படித்தான். ஆள் இருக்கிறார், ஜோடி இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம், அந்த ஜோடியான எக்ஸ்ட்ராடென்டிகிளும் ஹோமோதோராக்ஸ் என்ற இன்னொரு புரதத்தின் துணையில்லாமல் உட்கருவுக்குள் தங்காது, அதனால் ஹோமோதோராக்ஸ் போனாலும் ஏறக்குறைய இதே விளைவுதான். மாற்றம் லேசாகத் தெரிந்தால் குழம்பாதீங்க, தாய் ஈ முட்டையில் வைத்த எக்ஸ்ட்ராடென்டிகிள் கொஞ்சம் தாங்கும். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது: இறக்கைக்குப் பின்னால் இருக்கும் ஹால்டர் என்ற குட்டிச் சமநிலை உறுப்பின் பை போன்ற பகுதியில் அல்ட்ராபைத்தோராக்ஸ் இந்த இருவரும் இல்லாமலே வேலை பார்க்கிறது.

நானும் சேலத்தில்தான் ஈ வளர்த்தேன். மாம்பழ சீசனில் வெளி ஈ பாட்டிலுக்குள் புகுந்துவிடும், பஞ்சு அடைப்பை ஒருமுறை பார்த்துடுங்க.