பூட்டிக்கிடக்கும் மைதானமும் புதிய வீடுகளும்

வாசகர் கேள்வி – பதில்

பழைய விளையாட்டு மைதானங்களில் வீடு கட்டக் கேட்கும் விண்ணப்பங்கள் பற்றியே இம்முறை அதிகக் கேள்விகள் வந்திருக்கின்றன. பதில்கள் இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு.

கேள்வி: எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு நிறுவனத்தின் பழைய மைதானம் இருக்கிறது. ஏழு ஆண்டுகளாக வேலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். இப்போது 80 தொடர்மாடி வீடுகளுக்கு விண்ணப்பம் வந்திருக்கிறது. 'யாரும் விளையாடாத இடம்' என்று அதில் எழுதியிருக்கிறார்கள். இனி அது மைதானம் இல்லையா?
– வாசகர், ஹரோ

பதில்: மைதானம்தான். ஆனால் ஒரு காவல் தளர்ந்திருக்கிறது. மைதானம் இப்போது பயன்பாட்டில் இருந்தாலோ, விண்ணப்பத்துக்கு முந்திய 5 ஆண்டுகளுக்குள் பயன்பட்டிருந்தாலோ, எங்கே என்ன கட்டலாம் என்று கவுன்சில் வகுத்த உள்ளூர்த் திட்டத்தில் மைதானம் என ஒதுக்கப்பட்டிருந்தாலோ, விளையாட்டு வளர்ச்சிக்கான பொது அமைப்பான ஸ்போர்ட் இங்கிலாந்தின் கருத்தைக் கவுன்சில் கேட்டே ஆகவேண்டும். பதில் சொல்ல அந்த அமைப்புக்கு 21 நாட்கள் உண்டு. உங்கள் மைதானம் 5 ஆண்டைத் தாண்டிவிட்டது. ஆகவே முதலில் உள்ளூர்த் திட்டத்தின் வரைபடத்தைப் பாருங்கள். அதில் மைதானமாக ஒதுக்கியிருந்தால் ஆண்டுக் கணக்குத் தேவையில்லை. ஒதுக்கியிராவிட்டாலும் ஸ்போர்ட் இங்கிலாந்துக்கு நீங்களே எழுதலாம். பயன்பாடு நின்றுபோன மைதானங்களுக்கும் அது தன் கொள்கையைப் பொருத்தியே பார்க்கிறது. கருத்துக் கேட்பது கட்டாயமான அமைப்புகளின் பட்டியலிலிருந்து அதை நீக்க 2025இல் அரசு முன்மொழிந்தது. எனவே உங்கள் விண்ணப்பத்துக்கு எந்த விதி பொருந்துகிறது என்று கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேசிய திட்டமிடல் கொள்கையில் இந்த 5 ஆண்டுக் கணக்கே கிடையாது. 2024 டிசம்பர் பதிப்பின் 104ஆம் பந்தி, மைதானத்தில் கட்ட மூன்று வழிகளை மட்டுமே திறந்துவைக்கிறது. மைதானம் தேவைக்கு மிஞ்சியது என்று ஒரு மதிப்பீடு தெளிவாகக் காட்டவேண்டும். அல்லது அளவிலும் தரத்திலும் ஈடான, அல்லது அதைவிட நல்ல மைதானம் பொருத்தமான இடத்தில் கிடைக்கவேண்டும். அல்லது கட்டப்போவதே வேறொரு விளையாட்டு வசதியாக இருந்து, அதன் பயன் இழப்பைவிடப் பெரியதாக இருக்கவேண்டும்.

வீடு கட்டும் நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் வழியைத்தான் பிடிக்கும். 'யாரும் விளையாடவில்லை' என்பதும் 'யாருக்கும் தேவையில்லை' என்பதும் ஒன்றல்ல. வாசலைப் பூட்டியவரே ஆளில்லை என்று வாதிடுவதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். கவுன்சிலின் ஆடுகளத் தேவை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். மூன்று ஆண்டுகளாகப் புதுப்பிக்காத அறிக்கையைக் காலாவதியானது என்றே ஸ்போர்ட் இங்கிலாந்து கருதும். உங்கள் பகுதியில் எத்தனை அணிகள் இடமில்லாமல் வேறு நகர எல்லைக்குள் போய் விளையாடுகின்றன, எத்தனை பிள்ளைகள் காத்திருப்புப் பட்டியலில் நிற்கிறார்கள், பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டு விளையாட்டுப் போட்டிக்கு எங்கே, என்ன வாடகைக்கு மைதானம் எடுக்கின்றன என்பதைக் கழகங்களின் கடிதத் தலைப்பில் தேதியோடு வாங்குங்கள்.

லண்டனில் வீட்டுத் தட்டுப்பாடு உண்மையானது. அதை மறுத்து வாதிடுவது வீண், நியாயமும் அல்ல. அடுத்த ஐந்து ஆண்டுக்குத் தேவையான வீட்டு நிலத்தைக் காட்ட முடியாத கவுன்சில்களில் தராசு கட்டுமானத்தின் பக்கம் சாயும்படி தேசியக் கொள்கையே வைத்திருக்கிறது. அந்த இடத்தில் உங்கள் கையிலிருக்கும் எண்களுக்குத்தான் மதிப்பு.

கேள்வி: நானூறு பேரிடம் கையெழுத்து வாங்கி மனு கொடுத்திருக்கிறோம். போதுமா?
– வாசகி, ஈஸ்ட்ஹாம்

பதில்: போதாது. பல கவுன்சில்களில் ஒரு மனுவை ஒரே எதிர்ப்பாகத்தான் எண்ணுவார்கள். தனித்தனிக் கடிதம் முப்பது வந்தால் அதற்கு எடை அதிகம். விண்ணப்ப எண்ணை மேலே எழுதுங்கள். வீட்டு விலை குறையும், ஜன்னல் காட்சி போய்விடும் என்பவற்றை அதிகாரி கணக்கில் எடுக்கமாட்டார். மைதான இழப்பு, உள்ளூர்த் திட்டத்தின் எந்தக் கொள்கை மீறப்படுகிறது, போக்குவரத்து, மழைநீர் வடிகால் ஆகியவற்றை எழுதுங்கள். கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாட்கள் தருவார்கள். ஆனால் முடிவு எடுக்கும்வரை வரும் கடிதங்களையும் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் வட்டாரக் கவுன்சிலரிடம், விண்ணப்பத்தை அதிகாரி மட்டத்தில் முடிக்காமல் கவுன்சிலர்களின் திட்டமிடல் குழுவுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு, சில கவுன்சில்களில் அது மிகக் குறுகியது.

கேள்வி: எங்கள் இடத்தில் வலைப்பந்தாட்டத் தளமும் கரப்பந்தாட்டத் தளமும் மட்டும் உண்டு. மைதானப் பாதுகாப்பு எங்களுக்கும் பொருந்துமா?
– வாசகர், குறொய்டன்

பதில்: கட்டாயக் கருத்துக்கேட்பு பொருந்தாது. இந்தக் கருத்துக்கேட்பை வகுக்கும் 2015ஆம் ஆண்டுத் திட்டமிடல் நடைமுறை ஆணை சொல்லும் ஆடுகளம், ஓரப்பகுதி உட்பட 0.2 ஹெக்டேயராவது இருக்கவேண்டும். உதைபந்தாட்டம், கிரிக்கெட், ரக்பி, ஹொக்கி போன்ற பட்டியலிட்ட விளையாட்டுக்கு உரியதாகவும் இருக்கவேண்டும். வலைப்பந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் டென்னிஸும் அந்தப் பட்டியலில் இல்லை. தேசிய திட்டமிடல் கொள்கையின் 104ஆம் பந்தி மட்டும் உங்களுக்கும் பொருந்தும், ஏனென்றால் அது எல்லா விளையாட்டு நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்தே பேசுகிறது.

கேள்வி: கவுன்சிலே பொது விளையாட்டுத் திடலின் ஒரு மூலையை விற்றுவிட்டது. இனி என்ன செய்யலாம்?
– வாசகர், சவுத்தோல்

பதில்: விற்ற முறையைத் தோண்டுங்கள். திறந்த பொதுவெளியை விற்குமுன் கவுன்சில் உள்ளூர்ப் பத்திரிகையில் அடுத்தடுத்த இரண்டு வாரம் விளம்பரம் செய்து, வரும் எதிர்ப்புகளைப் பரிசீலிக்கவேண்டும். இது 1972ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 123ஆம் பிரிவு. ஷ்ரூஸ்பரி நகரில் இப்படி விளம்பரம் செய்யாமலே திடலின் ஒரு பகுதியை விற்றார்கள், அதில் 15 வீடுகளுக்கு அனுமதியும் கொடுத்தார்கள். பொதுமக்கள் பொழுதுபோக்குக்கென இருந்த சட்டபூர்வ அறக்கட்டளை உரிமை விற்பனையால் அழியவில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அந்த அனுமதியை ரத்துச் செய்தது. ஆகவே நிலப் பதிவகத்தில் உரிமைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கவுன்சில் எந்த ஆண்டு, எந்தச் சட்டத்தின் கீழ், என்ன நோக்கத்துக்கு நிலத்தை வாங்கியது என்பதையும், விளம்பரம் வந்த பத்திரிகைப் பிரதிகளையும் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். பதிலுக்கு 20 வேலைநாள் ஆகும். பிளானிங் முடிவு நெருங்குமுன் இதைத் தொடங்கிவிடவேண்டும்.

கேள்வி: 'இதைவிட நல்ல மைதானம் வேறிடத்தில் தருகிறோம்' என்கிறது நிறுவனம். நம்பலாமா?
– வாசகி, மிச்சம்

பதில்: வாய்ச்சொல்லை நம்பவேண்டாம். அனுமதிக்காக நிறுவனம் கவுன்சிலோடு செய்யும் 106ஆம் பிரிவு ஒப்பந்தத்தில் இருப்பதே செல்லும். முதலில் அளவைப் பாருங்கள். பெரியவர்களுக்கான உதைபந்தாட்டக் களம் 100 × 64 மீற்றர்; சுற்றிலும் 3 மீற்றர் ஓரம் சேர்த்தால் 106 × 70, அதாவது ஏறத்தாழ 0.74 ஹெக்டேயர். வரைபடத்தில் இரண்டு களம் வரைந்து, ஓரத்தை மறந்துவிடுவது வழக்கமான தவறு. எழுவர் ஆடும் சிறுவர் களம் ஓரத்தோடு 61 × 43 மீற்றர். ஒரு பெரிய களத்துக்கு ஈடாக இரண்டு சிறுவர் களங்களைக் காட்டினால் நிலமும் குறையும், பெரியவர் அணிகளும் வெளியே நிற்கும்.

அடுத்தது மண். களிமண் நிலத்தில் வடிகால் போடாமல் புல் மட்டும் பதித்தால் நவம்பரிலிருந்து ஆட்டங்கள் வரிசையாக ரத்தாகும். மைதான மண் நிபுணரின் அறிக்கையும் வடிகால் வரைபடமும் விண்ணப்பத்தோடே இருக்கவேண்டும், 'பின்னர் தருவோம்' என்ற நிபந்தனையாக அல்ல. விதைத்த புல் வேர்பிடித்து ஆட்டம் தாங்க மாதங்கள் செல்லும். எனவே பழைய மைதானத்தில் வேலை தொடங்குமுன் புதியது ஆடத்தக்க நிலையில் இருக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். 'கடைசி வீட்டில் ஆள் குடியேறுமுன்' என்றிருந்தால் இடையில் எத்தனை பருவங்கள் போகுமோ தெரியாது, அதற்குள் சிறு கழகங்கள் கலைந்துவிடும். உடைமாற்றும் அறை, வாகன நிறுத்தம், பேருந்து வசதி, எத்தனை ஆண்டுப் பராமரிப்புக்கு யார் பணம் தருவது என்பவையும் எழுத்தில் வரட்டும்.

கேள்வி: இருபது ஆண்டுக்கு மேலாக எங்கள் கழகம் அங்கே கிரிக்கெட் ஆடுகிறது. உள்ளூர் மக்கள் விளையாட உரிமையுள்ள 'கிராமப் பசுந்திடல்' என்று பதிவு செய்ய முடியுமா?
– வாசகர், நியூமோல்டன்

பதில்: வாடகை கட்டியோ, உரிமையாளரின் அனுமதியோடோ ஆடியிருந்தால் அந்த ஆண்டுகளைக் காட்டிப் பதிவு செய்ய முடியாது. உரிமை உள்ளவர்போல, அனுமதி கேளாமல் உள்ளூர் மக்கள் பயன்படுத்தியதையே 2006ஆம் ஆண்டுப் பொதுநிலச் சட்டம் கேட்கிறது. வீட்டு விண்ணப்பம் விளம்பரமான பிறகு அந்தக் கதவும் மூடப்படும். உங்களுக்குப் பொருத்தமானது, உள்ளூர் மக்களுக்குப் பயன்படும் இடங்களைக் கவுன்சில் பதிந்துவைக்கும் சமூகச் சொத்துப் பட்டியல். வாக்காளர் பட்டியலில் உள்ள உள்ளூர்க்காரர் 21 பேர் சேர்ந்த குழு பரிந்துரைக்கலாம். 8 வாரத்தில் கவுன்சில் முடிவு சொல்லவேண்டும். பட்டியலில் ஏறினால், உரிமையாளர் விற்க முன்வரும்போது 6 வாரத்துக்குள் உங்கள் குழு விருப்பம் தெரிவித்து, 6 மாத அவகாசம் பெறலாம். உங்களுக்கே விற்கவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. ஆகவே பணத்துக்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யுங்கள்.

கேள்வி: அனுமதி கொடுத்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாமா?
– வாசகர், வெம்பிளி

பதில்: மேல்முறையீட்டு உரிமை விண்ணப்பதாரருக்கு மட்டுமே. முடிவு எடுத்த முறையில் சட்டப் பிழை இருந்தால் 6 வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மீளாய்வு கோரலாம். முடிவு பிடிக்கவில்லை என்பது அங்கே செல்லாது. உங்கள் வழக்குச் செலவு உண்டு; தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் சேரும். அனுமதிக் கடிதத்தின் தேதியிலிருந்தே நாள் ஓடுகிறது என்பதால், அதிகாரியின் அறிக்கையையும் குழுக் கூட்டப் பதிவையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு பிளானிங் வழக்கறிஞரைப் பாருங்கள்.