காதலும் கூட்டணியும் மோதும் இடம்: ஊடாடும் புனைவில் அரசியலை எழுதுவது பற்றி

கேள்வி: மூன்று அணிகள் அரியணைக்குப் போட்டியிடும் ஒரு கற்பனை நாட்டைக் களமாக வைத்து, வாசகரே முடிவுகளைத் தேர்ந்தெடுக்கும் ஊடாடும் புனைவு ஒன்றை எழுதிவருகிறேன். காதலிக்கக்கூடிய பாத்திரங்கள் நால்வர். ஐந்தாம் அத்தியாயத்தில் சமாதான உடன்படிக்கைக்காகக் கதாநாயகருக்குத் திருமணம் பேசுகிறார்கள். இதுவரை படித்தவர்கள், “காதல் காட்சிகளுக்கு நடுவே வரும் தடையாகத்தான் அரசியல் தெரிகிறது” என்கிறார்கள். காதலைக் குறைக்க வேண்டுமா, அரசியலைக் கூட்ட வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். இது காட்சிகளின் எண்ணிக்கையால் வந்த சிக்கல் என்று எனக்குத் தோன்றவில்லை. இதே வகையில் ஒரு நீண்ட கதையை எழுதி, ஏறக்குறைய இதே குறையைக் கேட்டு, அதில் பாதிக்கு மேல் திரும்ப எழுதிய அனுபவம் எனக்கு உண்டு. அந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

என் முதல் வரைவில் நான்கு அணிகள் இருந்தன: எல்லைப் படை, கோயில் குருமார், உப்பு வணிகர் சங்கம், மலைக்குடிகள். அணிக்கு ஒருவராக நான்கு காதல் பாத்திரங்களையும் வைத்திருந்தேன். திட்டமாக எழுதிப் பார்த்தபோது அது ஒழுங்காகவே இருந்தது. ஆனால் சோதனைக்காகப் படித்தவர்கள் இரண்டாம் அத்தியாயத்தில் யாரை விரும்பினார்களோ, அவருடைய அணி கேட்ட எல்லாவற்றுக்கும் கடைசிவரை தலையசைத்துக்கொண்டே போனார்கள். படைத்தளபதியைக் காதலித்தவர் எல்லையில் கோட்டை கட்டச் சம்மதித்தார், தானியக் களஞ்சியத்தைப் படைக்குத் திறந்துவிட்டார், மலைக்குடிகளின் மனுவைத் திருப்பி அனுப்பினார். அவற்றில் ஒன்றைக்கூட அவர் யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. பதினொரு அத்தியாயங்களில் நான் கேட்ட நூற்றுக்கணக்கான கேள்விகளுக்கும் ஒரே ஒரு பதில்தான், அதுவும் தொடக்கத்திலேயே, கிடைத்துவிட்டது.

இதற்காக வாசகரைக் குறைசொல்ல எதுவும் இல்லை. முகமும் குரலும் உள்ள ஒருவர் ஒரு பக்கமும், பெயர் மட்டுமே உள்ள ஒரு கொள்கை மறுபக்கமும் நின்றால் யாரும் முகத்தின் பக்கமே சாய்வார்கள். ஆகவே நான் செய்த முதல் மாற்றம், காதல் பாத்திரம் தன் அணியின் முழு உருவமாக இருக்கக் கூடாது என்று முடிவெடுத்ததுதான். ஒவ்வொரு காதல் பாத்திரமும் தன் அணியோடு குறைந்தது ஒரு பெரிய விஷயத்தில் முரண்பட வேண்டும். அந்த முரண்பாடு கதையின் நடுப்பகுதியில் வெளிப்பட்டே ஆக வேண்டும். தளபதி எல்லைப் படையை உயிராக நேசிப்பவர், ஆனால் கட்டாய ஆள்சேர்ப்பை வெறுப்பவர் என்று மாற்றி எழுதினேன். அதன் பிறகு படையை ஆதரிப்பதும் தளபதியை ஆதரிப்பதும் இரண்டு வேறு செயல்களாகிவிட்டன. மேலிடத்துக்கு உதவி செல்வாக்கைப் பெறும் அதே தேர்வில் வாசகர் தளபதியின் மதிப்பை இழக்க நேர்ந்தது. அந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு, களஞ்சியக் காட்சியில் எதைத் தேர்வது என்று வெகுநேரம் யோசித்ததாக எனக்கு எழுதினார்கள்.

இதன் மறுபக்கத்தையும் மறக்க வேண்டாம். ஒவ்வோர் அணியிலும் காதலுக்கு உரியவர் அல்லாத, ஆனாலும் வாசகர் இழக்க விரும்பாத ஒருவராவது இருக்க வேண்டும். என் கதையில் மலைக்குடிகளின் சார்பில் பேசவரும் மூதாட்டி அப்படிப்பட்டவர். அவர் வரும் காட்சிகள் மூன்றுதான். ஆனால் அவருக்குக் கொடுத்த வாக்கை மீறித் தளபதியின் பக்கம் நிற்பது வாசகருக்கு இப்போது எளிதாக இல்லை.

அடுத்தது கணக்கு வைக்கும் முறை. பலர், தொடக்கத்தில் நானும், ஒரு பாத்திரத்தோடுள்ள உறவை, வாசகரின் தேர்வுகளுக்கேற்பக் கூடிக் குறையும் ஒரே எண்ணாக வைத்திருப்போம். அரசியல் கதைக்கு அது போதாது. நெருக்கம் வேறு, நம்பிக்கை வேறு. உங்களை விரும்பும் ஒருவர் தன் அணியின் போர்த்திட்டத்தை உங்களிடம் சொல்லத் தயங்கலாம். உங்களைச் சிறிதும் விரும்பாத ஒருவர் உங்கள் சொல்லை மட்டும் நம்பிக் கோட்டைக் கதவைத் திறந்துவிடலாம். இந்த இரண்டையும் தனித்தனி மாறிகளாக (கதை நினைவில் வைத்துக்கொள்ளும் மதிப்புகளாக) பிரித்து, அணியில் உள்ள செல்வாக்கை மூன்றாவதாக வைத்தபோதுதான் என் கதைக்கு உயிர் வந்தது. நெருக்கம் மிகுந்து நம்பிக்கை குறைந்த நிலையில், இரவில் காதலோடு பேசிவிட்டு மறுநாள் சபையில் உங்களுக்கு எதிராக வாக்களிக்கும் பாத்திரத்தை எழுத முடிகிறது. நம்பிக்கை மிகுந்து நெருக்கம் இல்லாத நிலையில், இறுதிவரை கைவிடாத தோழமை கிடைக்கிறது. யாரையும் காதலிக்க விரும்பாத வாசகருக்குக் கதை மெலிந்துபோகாமல் காப்பதும் இந்த இரண்டாவது நிலையே. அவருக்கும் உணர்ச்சியின் உச்சமான காட்சிகள் சம அளவில் கிடைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

எண்கள் பற்றி ஓர் எச்சரிக்கை. ஊடாடும் புனைவு எழுதுவதற்கான சாய்ஸ்ஸ்கிரிப்ட் போன்ற கருவியில் எழுதுகிறீர்கள் என்றால், அதில் சதவீத அடிப்படையில் கூட்டும் முறை ஒன்று இருப்பது தெரிந்திருக்கும். 50-இல் இருக்கும் ஒரு மதிப்பை 20 சதவீதம் உயர்த்தினால் அது 60 ஆகும். 80-இல் இருப்பதை அதே அளவு உயர்த்தினால் 84 மட்டுமே ஆகும். 100 வரை மீதமுள்ள தூரத்தில்தான் அந்தச் சதவீதம் கணக்கிடப்படுகிறது. ஒரே அணியை விடாமல் ஆதரிப்பவர் எட்டாத உயரத்துக்குப் போய்விடாமல் இது தடுக்கிறது. ஆனால் முக்கியமான காட்சிக்கு 85 வேண்டும் என்று நீங்கள் நிபந்தனை வைத்தால், அணிக்கும் காதலுக்கும் இடையில் மாறிமாறி நின்றவர், அதாவது உங்கள் கதையை உண்மையாகவே யோசித்துப் படித்தவர், இரண்டு பக்கமும் தோற்றுப்போவார். நான் அந்த எல்லைகளை 60-ஐ ஒட்டி இறக்கிவிட்டேன்.

காதலில் எண்ணைவிட நினைவு முக்கியம். அணி கணக்கு வைத்துக்கொள்ளட்டும்: இத்தனை படை கொடுத்தீர்கள், இத்தனை வரியைக் குறைத்தீர்கள் என்று அது கூட்டிக் கழிக்கலாம். மனிதர் நினைவு வைத்துக்கொள்வது வேறு விதமாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஆற்றுத்துறையில் காதல் பாத்திரத்திடம் அவருடைய தம்பியைப் பற்றி வாசகர் பொய் சொன்னாரா இல்லையா என்பதை ஓர் உண்மை–பொய் மாறியாகத் தனியே பதிந்துவைத்து, ஐந்து அத்தியாயங்களுக்குப் பிறகு அவர் வாயாலேயே அதைக் கேட்க வையுங்கள். எத்தனை புள்ளிகள் சேர்த்திருந்தாலும் அந்த ஒரு கேள்வியைக் கடக்க முடியாது என்ற நிலை இருந்தால், காதல் என்பது அணிக்கு வேலை செய்து பெறும் கூலியாகத் தோன்றாது. அப்படித் தோன்றிவிடுவதுதான் இந்த வகைக் கதைகளில் என்னை மிகவும் வருத்தும் குறை. ஒரு கோட்டையைப் பிடித்துக் கொடுத்ததற்காக ஒருவர் நம்மை விரும்பத் தொடங்குகிறார் என்றால், கோட்டையும் மதிப்பிழக்கிறது, விருப்பமும் மதிப்பிழக்கிறது.

எல்லாக் கிளைகளையும் எழுதிவிட வேண்டும் என்ற ஆசைக்கு இடம்கொடாதீர்கள். உங்களுடைய மூன்று அணிகளும் நட்பு, நடுநிலை, பகை என்ற மூன்று நிலைகளில் இருக்கலாம் என்றால் 27 சேர்க்கைகள் வரும். நான்கு காதல்களோடு, காதலே இல்லாத நிலையையும் சேர்த்துப் பெருக்கினால் 135. இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம் எழுத யாராலும் ஆகாது. கிளைகள் பிரிந்து மீண்டும் ஒரு பொதுக்காட்சியில் வந்து சேரும் அமைப்பை வைத்துக்கொண்டு, அந்தப் பொதுக்காட்சிக்குள் பத்திகளையும் உரையாடல்களையும் நிலைக்கேற்ப மாற்றுங்கள். காதலும் கூட்டணியும் நேருக்குநேர் மோதும் இடங்களை மட்டும், அதிகம் போனால் மூன்றோ நான்கோ தேர்ந்தெடுத்து, முழுமையாகக் கிளைவிடுங்கள். மற்ற இடங்களில் அவை ஒன்றையொன்று உரசிக்கொண்டு போனாலே போதும்.

மோதும் இடம் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு, 2009-இல் வெளியான ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ விளையாட்டு நல்ல எடுத்துக்காட்டு. அதில் அலிஸ்டெய்ர் என்ற பாத்திரத்தைக் காதலித்து, பிறகு அவரையே அரசராக்கினால், மனிதப் பிரபு குலத்தில் பிறந்த கதாநாயகிக்கு மட்டுமே அரசியாகும் வழி உண்டு. மற்றவர்களிடம் அவர், அரசருக்கு வாரிசு வேண்டும் என்ற காரணத்தால் உறவை முறித்துக்கொள்வார். முன்பே ஓர் உரையாடலில் அவருடைய மனத்தை உறுதியாக்கியிருந்தால் மட்டும் உறவு வேறு வடிவில் தொடரும். தவறான பதிலைத் தேர்ந்தெடுத்ததற்கான தண்டனையாக அந்தப் பிரிவு நமக்குப் படுவதில்லை. நாம் விரும்பியவரை நாமே அரியணையில் ஏற்றினோம், அந்த அரியணைதான் அவரைக் கேட்கிறது. இழப்புக்கான காரணம் அந்த உலகத்துக்குள்ளேயே இருப்பதால் வலித்தாலும் ஏற்க முடிகிறது. என்ன விலை என்பதை வாசகர் முன்கூட்டியே ஊகிக்கும்படி இரண்டு அத்தியாயங்களுக்கு முன்பே ஒரு சொல்லோ ஒரு வதந்தியோ விட்டுவையுங்கள். எந்த அடையாளமும் இல்லாமல் திடீரெனக் காதலரைத் துரோகியாக்குவது வாசகரின் நம்பிக்கையைத்தான் கெடுக்கும்.

இங்கே நம் பழைய இலக்கிய மரபை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அகத்திணையில் தலைவன் தலைவியைப் பிரிவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஓதலும் பகையும் தூதும் உண்டு. இந்த மூன்றில் இரண்டு நேரடியாக அரசியல். புறத்திணையிலோ, பெண் கேட்டுவந்த வேந்தனுக்குத் தந்தை மகளைத் தர மறுக்க, ஊரே போரை எதிர்நோக்கி நிற்கும் மகட்பாற்காஞ்சி என்ற துறை உண்டு. அதாவது காதலையும் அரசையும் அகம், புறம் என்று பிரித்துவைத்தவர்களே, ஒன்று மற்றொன்றுக்குள் நுழையும் வாசல்களையும் கவனமாகக் குறித்துவைத்தார்கள். இதில் நமக்கு ஒரு நடைமுறைப் பாடமும் இருக்கிறது. காதல் பாத்திரத்தை ஒரு முழு அத்தியாயத்துக்குத் தூது அனுப்பிவிடுங்கள். அவர் இல்லாத சபையில் அரசியல் தனியாக நிற்க நேரும்; வரும் ஓலைகளின் வழியே காதலும் அறுபடாமல் இருக்கும். மேலும், அந்த ஓலை யார் கையில் முதலில் கிடைக்கிறது என்பதே ஓர் அரசியல் கேள்வி ஆகிவிடும்.

நடுநிலையைப் பற்றிச் சுருக்கமாக: அதற்கும் ஒரு விலை வையுங்கள். எல்லோருக்கும் நல்லவராக இருப்பவருக்கு யாரும் முதலில் செய்தி சொல்லக் கூடாது. அதேபோல் ஓர் அணியின் அளவற்ற ஆதரவும் ஆபத்தாக வேண்டும். 2016-இல் வந்த ‘ரெய்ன்ஸ்’ என்ற விளையாட்டில் சமயம், மக்கள், படை, கருவூலம் ஆகிய நான்கில் எது வற்றினாலும் ஆட்சி முடியும், எது நிரம்பி வழிந்தாலும் முடியும். உங்கள் கதையில் வலுத்துவிட்ட அணியைச் சேர்ந்தவரோடு காதல் கொண்டால், மற்ற இரண்டு அணிகளும் அந்தக் காதலையே ஐயத்தோடு பார்க்கத் தொடங்கட்டும்.

இனி உங்கள் ஐந்தாம் அத்தியாயம். திருமணப் பேச்சுக் காட்சி ஏற்கெனவே உங்களிடம் இருப்பது பெரிய வசதி. ஆனால் “சம்மதம்”, “மறுப்பு” என்ற இரண்டு தேர்வுகளை மட்டும் வைத்திருந்தால், வாசகர் அதைக் காதலுக்கு வந்த தடையாகவே பார்ப்பார். நிச்சயத்துக்குச் சம்மதித்துத் திருமணத்தை அறுவடைவரை தள்ளிவைக்கும் மூன்றாவது வழியையும் கொடுங்கள். திருமணத்துக்குப் பேசப்படும் அந்த அயல்நாட்டவருக்கும் ஒரு முகம் கொடுங்கள். அவருக்கும் தன் நாட்டில் விட்டுவந்த ஒருவர் இருக்கலாம், அதை அவர் வாசகரிடம் தனிமையில் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவு எடுக்கும் முன் வாசகரின் காதல் பாத்திரத்தை அவையில் பேசவிடுங்கள். நம்பிக்கை உயர்ந்திருந்தால் அவரே, “இந்த உடன்படிக்கை இல்லையென்றால் என் ஊர் எரியும், சம்மதியுங்கள்” என்று சொல்லட்டும். நம்பிக்கை குறைந்து நெருக்கம் மட்டும் மிகுந்திருந்தால், அவர் ஒன்றும் சொல்லாமல் அவையை விட்டு எழுந்து போகட்டும். இந்த இரண்டு வடிவங்களையும் எழுதி, முன்பு படித்த அதே வாசகர்களிடம் அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் கொடுத்து, அரசியல் இன்னும் தடையாகத் தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.