வற்றாப்பளைப் பொங்கலுக்கும் கூப்பிடாதேங்கோ

அம்மா, உங்கட கடிதம் கிடைத்தது. மகள் மருத்துவ பீடத்துக்குப் போய் ஐந்து மாதம். உயிர் இரசாயனத்தில் முதல் பரீட்சையே கோட்டை விட்டாச்சு, இரவில் போன் எடுத்து அழுகிறா, வேறு கோர்ஸுக்கு மாறச் சொல்லட்டோ என்று கேட்டிருக்கிறீங்கள். மாறச் சொல்லாதேங்கோ.

"கோட்டாவில போன பிள்ளை, தாக்குப்பிடிக்காது" என்று முள்ளியவளையில் யாரோ சொன்னாராம். பல்கலைக்கழக இடங்களில் மாவட்ட அடிப்படையில் 55 வீதமும், முல்லைத்தீவு போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதமும் ஒதுக்குகிறது உண்மைதான். அது படலை மட்டும். உள்ளே போனால் எல்லாருக்கும் ஒரே வினாத்தாள்.

நான் மகளோடு கதைத்தேன். குளுக்கோசு உடைகிற 10 படியையும் இங்கிலீசில் மளமளவென்று ஒப்புவித்தா. "சரி, இது நடக்காவிட்டால் ஆளுக்கு என்ன நடக்கும்?" என்று கேட்டேன். சத்தமில்லை. உயர்தரத்தில் நொதியம் (என்சைம்), இழைமணி (மைற்றோகொன்றியா) என்று விளங்கிப் படித்த பிள்ளை, மொழி மாறினதும் சொல்லைப் பாடமாக்கத் தொடங்கிவிட்டா. நோய் அங்கேதான்.

நீங்கள் வீட்டில் நெல் அவிக்கிறனீங்கள்தானே? ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பக்கம் இருக்கிற தயமின், அதாவது விற்றமின் பி1, மணிக்குள்ளே இறங்கும். பிறகு மில்லில் தவிடு போனாலும் ஒரு பங்கு அரிசியில் நிற்கும். பச்சையரிசியை வெள்ளையாகத் தீட்டினால் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடும். குளுக்கோசு உடைந்து வந்த பைருவேற்று, இழைமணிக்குள்ளே அசற்றைல் துணைநொதியம் ஏ ஆக மாற அந்தத் தயமின் வேண்டும். அது இல்லாவிட்டால் வயிறு நிறையச் சோறு தின்றாலும் கலத்துக்குச் சக்தி காணாது. நரம்பும் இதயமும் அடிபடும். பெரிபெரி என்கிறது அதைத்தான். தீட்டின அரிசி தின்ற கோழிகள் கால் இழுத்ததை ஜாவாவில் டச்சு மருத்துவர் ஐக்மன் கவனித்தது 1890களில். 1929இல் அவருக்கு நோபல் பரிசு. இதை உங்கட குசினியிலிருந்து தொடங்கிச் சொன்னபோது மகள், "சேர், இது எங்கட லெக்சரிலும் வந்தது" என்றா. வந்ததுதான், ஒட்டவில்லை.

இனி அவ செய்யவேண்டியது. குளுக்கோசு உடைகிற பத்துப் படியில் பின்னுக்குத் திரும்ப முடியாத படி மூன்று. முதலில் அந்த மூன்றையும் பிடிக்கட்டும். ஒரு கொப்பியில் இங்கிலீஸ் சொல்லுக்குப் பக்கத்தில் உயர்தரத் தமிழ்ச் சொல்லை எழுதட்டும். சீனியர்மார் பாடம் சொல்லிக்கொடுக்கிற "குப்பி" வகுப்புக்கு வெட்கப்படாமல் போகட்டும். காசு கொடுத்துத் தனி வகுப்பு வேண்டாம், என்னைக் கேட்டால் அது வீண்.

"ஓ.எல். படிச்ச நான் என்ன உதவி செய்ய" என்று எழுதினீங்கள். ஞாயிறு போனில் ஒன்று கேளுங்கோ: "அப்பப்பாவின்ர கிளினிக் கொப்பியில கிரியேட்டினின் எண்டு கிடக்கே, அதென்ன பிள்ளை?" தசையிலிருந்து வருகிற கழிவு, சிறுநீரகம் வடிக்கிறது என்று தொடங்குவா. விடாதேங்கோ. ஏன் அது ஏறுமுன்னமே சிறுநீரகம் பாதி பழுதாகியிருக்கலாம் என்று கேளுங்கோ. விளங்காவிட்டால் விளங்கேல்லை என்று சொல்லுங்கோ. உங்களுக்கு விளங்குமட்டும் தமிழில் சொல்லட்டும்.

மறுபரீட்சைத் திகதி வந்ததும் எனக்கு அறிவியுங்கோ. அதற்கு முதல் மூன்று கிழமையும் கலியாணவீடு, சாமத்தியவீடு என்று ஊருக்குக் கூப்பிடக்கூடாது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் அதுக்குள்ளே வந்தாலும்தான். அம்மாள் கோவிக்க மாட்டா.