செயல்திட்டம் கொடுத்தால் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் சொந்தமாக எழுதுவார்களா?

"நன்றாக வாசிக்கிறார்கள், சொந்தமாக 5 வரி எழுதச் சொன்னால் கையேட்டைப் பார்த்து எழுதுகிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். செயல்திட்டம் கட்டாயம் உதவும். ஆனால் எல்லாம் முடிந்தபின் கட்டுரை கேட்டால் பழையபடி கையேடுதான் வரும். செய்யச் செய்ய எழுத வேண்டும்.

தட்டைப்பயறு முளைக்க வைப்பதே போதும், 3 வாரம். 4 பேர் கொண்ட குழுவுக்கு அடியில் துளையிட்ட 2 காகிதக் கோப்பை, முக்கால் அளவு மண், இரவே ஊறிய விதை ஐந்தைந்து. ஒன்று சன்னலோரம், இன்னொன்று அலமாரிக்குள். தினமும் அடிக்கோலால் அளந்து ஆளுக்கு 2 வரி, அவரவர் நோட்டில், ஒரு வரி விட்டு ஒரு வரி. குழுவுக்கு ஒரே நோட்டு என்றால் நன்றாக எழுதும் பிள்ளையே எல்லாவற்றையும் எழுதிவிடும். முளை, வேர், தண்டு, விதையிலை ஆகிய சொற்களைக் கரும்பலகை ஓரத்தில் எழுதி வையுங்கள். வாக்கியம் எழுதிப் போடாதீர்கள்.

பத்து நாளில் இருட்டுச் செடி வெளிறிப்போய், வெளிச்சத்துச் செடியைவிட நெட்டையாக நிற்கும். பிள்ளைகள் எதிர்பார்க்காதது அது. 'ஆனால்', 'ஏனென்றால்' எல்லாம் அங்கேதான் அவர்களுக்குத் தேவைப்படும். தண்ணீர் அதிகமாகி விதை அழுகினால் யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடாதீர்கள். அதுவும் எழுத வேண்டிய செய்திதான்.

முதல் நாள் சிவப்பு மை வேண்டாம். "முளை வந்துச்சு" என்று இருந்தாலும் விடுங்கள். சத்தமாக வாசிக்கட்டும்; கேட்பவர்கள் "எத்தனாவது நாள்?", "எவ்வளவு உயரம்?" என்று கேட்க, பதிலை விட்ட வரியில் சேர்க்கட்டும். மறுநாள் ஒரே வகைப் பிழையை மட்டும் பாருங்கள்: விட்டுப்போன ஒற்று, அல்லது ல-ழ-ள. எல்லாவற்றையும் வட்டமிட்டால், தெரிந்த சொற்களுக்குள்ளேயே ஒதுங்கிவிடுவார்கள்.

கடைசி வாரம், 2 ஏ4 தாளை மடித்துத் தைத்த 8 பக்கப் புத்தகம்: 'பயறு முளைக்க வைப்பது எப்படி'. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதை மட்டும் பார்த்துச் செய்யட்டும். கோப்பையில் துளையிடச் சொல்லாமல் விட்டிருந்தால் தண்ணீர் தேங்கும். எழுதிய பிள்ளை தானே ஓடிப்போய்த் திருத்தும்.

ஈராசிரியர் பள்ளியில் நேரமேது என்பார்கள். தினம் 20 நிமிடம்தான். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு எனும் தொடக்க நிலையில் இருக்கும் பிள்ளை படம் வரைந்து பெயர் எழுதினாலே போதும்.

கடையில் படம் வாங்கி ஒட்டி, இரவு 11 மணிக்கு அம்மா எழுதித் தரும் சார்ட்டை இதோடு சேர்க்காதீர்கள். அதில் பிள்ளையின் கையெழுத்து எங்கே இருக்கிறது? நோட்டும் கோப்பையும் பள்ளியிலேயே இருக்கட்டும், வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.