மோட்டார்ஹோம் வலப்பக்கம் இழுக்கிறதா? முதலில் எடை மேடைக்குப் போங்கள்

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறேன். ஃபோர்டு இ-450 அடித்தளத்தில் கட்டப்பட்ட, 2003ஆம் ஆண்டின் 29 அடி மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 401 நெடுஞ்சாலையில் 95 கிலோமீட்டர் வேகத்தில் வலப்பக்கம் இழுக்கிறது. லாரி முந்தும்போது தள்ளாடுகிறது. நேரான சாலையிலும் ஸ்டீயரிங்கை ஓயாமல் திருத்த வேண்டியிருக்கிறது. அலைன்மென்ட் சரி என்று சீட்டு கொடுத்துவிட்டார்கள். ஸ்டீயரிங் டேம்பர் போடச் சொல்கிறார் மெக்கானிக். போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் கடைசியில். டேம்பர் அதிர்வை அடக்கும், கோளாறைத் தீர்க்காது. தேய்ந்த மூட்டின் மேல் அதை மாட்டினால், ஆபத்து தெரியாமல் மறைந்துகொள்ளும். அதுதான் என் பயம்.

நீங்கள் ஒன்றாகச் சொல்லியிருப்பவை மூன்று தனிக் கோளாறுகள். ஒரே பக்கம் இழுப்பது ஒன்று. இரு பக்கமும் அலைவது இன்னொன்று. காற்றுக்கு வால் ஆடுவது மூன்றாவது.

முதலில் பயணத்துக்குக் கிளம்புவது போலவே தண்ணீர், பெட்ரோல், சாமான், குடும்பத்தார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, லாரிகள் நிற்கும் எடை மேடைக்குப் போங்கள். முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாக எடை போட்டு வாங்குங்கள். மொத்த எடை வரம்புக்குள் இருப்பது மட்டும் போதாது. இந்த வண்டிகளில் பின் அச்சுக்குப் பின்னால் நீளமான உடல் தொங்குகிறது. அச்சிடைத் தூரம் 176 அங்குலம் என்று வையுங்கள். பின் அச்சிலிருந்து 88 அங்குலம் தள்ளி, கடைசிப் பெட்டியில் 300 பவுண்டு சாமான் வைத்தால், பின் அச்சில் 450 பவுண்டு கூடும். முன் அச்சில் 150 பவுண்டு குறையும். திசை காட்ட வேண்டிய சக்கரங்களே லேசாகிவிடுகின்றன. 40 அமெரிக்க கேலன் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் ஏறத்தாழ 330 பவுண்டு. அது பின்புறம் இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

எடைச் சீட்டு கிடைத்த பிறகுதான் காற்றழுத்தம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு. உங்கள் சுமைக்குரியதை ஓட்டுநர் கதவுச் சட்டத்திலுள்ள அட்டையிலும் டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையிலும் பாருங்கள். முன் டயரில் காற்று மிகுந்தால் வண்டி அலையும். பின் டயரில் குறைந்தால் வால் ஆடும். பின்னிரட்டைச் சக்கரங்களில் உள்பக்க டயரின் வால்வை எட்டுவது சிரமம் என்பதாலேயே பலர் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள். டயரில் தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது என்று பொருள். மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதே அதிகம்.

இனி இழுப்பு. கனடாவில் வலப்பக்கம் ஓட்டுகிறோம். சாலையும் மழைநீர் வடிய வலப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கும். ஆகவே இலேசான வலச்சாய்வு இயல்பு. எதிர்ப்பக்கம் சரிந்த ஒரு துண்டுச் சாலையில் ஓட்டிப் பாருங்கள்; இழுப்பும் மாறினால் குற்றம் சாலையுடையது. மாறாவிட்டால் முன் டயர்களை இடம் வலமாக மாற்றிப் போடுங்கள். இழுப்பு பக்கம் மாறினால் டயர்தான். அதுவும் இல்லையென்றால், அழுத்திப் பிரேக் போடாமல் அரை மணி ஓட்டி, இரு முன் சக்கரங்களின் நடுப்பகுதி வெப்பத்தையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பாருங்கள். வலப்பக்கம் மட்டும் கூடுதலாகச் சுட்டால் பிரேக் காலிப்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அலைச்சலுக்கு ஆள் துணை வேண்டும். சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும். கட்டை வைத்து, கைப்பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிடுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு விரற்கடை அளவு இடம் வலமாக ஆட்ட, நீங்கள் கீழிருந்து கவனியுங்கள். ஒரு பாகம் அசைந்து, அடுத்தது தாமதமாக அசைந்தால், இரண்டுக்கும் நடுவிலுள்ள மூட்டு தேய்ந்துவிட்டது. ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டுகளான டை ராட் முனைகள், டிராக் லிங்க் (drag link), முன் பீமைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்மின் ரப்பர் புஷ் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். மூட்டில் ஆட்டம் தெரிந்தால் அன்றோடு வண்டியை நிறுத்தி, சரிசெய்த பிறகே எடுங்கள். ஸ்டீயரிங் கியர்பாக்ஸுக்குள் நுழையும் தண்டு திரும்பியும், அதிலிருந்து வெளிவரும் பிட்மன் ஆர்ம் என்ற கை திரும்பாவிட்டால்தான் பாக்ஸைச் சந்தேகப்பட வேண்டும். பாக்ஸின் மேலேயுள்ள திருகை அவசரப்பட்டு முறுக்கக் கூடாது. மிகையாக இறுகினால் ஸ்டீயரிங் நடுநிலைக்குத் திரும்பாது, அலைச்சல் கூடும்.

மூட்டுகள் நல்லவை என்றால் காஸ்டர் கோணம்; அதாவது, முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓடுவது போல, முன் சக்கரம் தானாக நேர்ப்படுவதற்கு இது உதவுகிறது. சீட்டில் ‘சரி’ என்ற எல்லை அகலமானது. அதன் அடிமட்டத்தில் நின்றாலும் கடையில் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார்கள். இந்த அடித்தளத்தில் ஐந்து டிகிரிக்கு அருகே வைத்த பலர் நிம்மதியாக ஓட்டுகிறார்கள். மேல் பால் ஜாயின்ட்டில் (சக்கரம் திரும்பும் மேல் மூட்டில்) ஸ்லீவ் என்ற வளையத்தை மாற்றிக் கோணத்தைக் கூட்டலாம். காஸ்டர் குறைந்த பக்கத்துக்கே வண்டி இழுக்கும் என்பதால், இரு பக்க வித்தியாசத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: இதில் இருப்பது இரட்டை ஐ-பீம் சஸ்பென்ஷன்; ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் தனித்தனி பீம். உடல் தாழும்போது சக்கரத்தின் சாய்வும் மாறும். காலி வண்டியில் எடுத்த அலைன்மென்ட், சுமையேறியதும் பொய்யாகிவிடும். உங்கள் வண்டிக்கு அப்படித்தான் எடுத்தார்கள் என்று சந்தேகிக்கிறேன்.

லாரிக் காற்றுக்கு ஆடுவது இத்தனைக்கும் பிறகு மிச்சமிருந்தால், ஸ்வே பார் (உடல் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் தண்டு) புஷ், ஷாக் அப்சார்பர், பின் ஸ்பிரிங் புஷ் ஆகியவற்றைப் பாருங்கள். அவையும் நன்றாக இருந்தால் பின்புறம் டிராக் பார் (track bar; பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டு) போடலாம். டேம்பரைவிட அதற்குச் செலவழித்த பணம் வீணாகாது.

எடைச் சீட்டையும், அலைன்மென்ட் சீட்டிலுள்ள இரு பக்கக் காஸ்டர் எண்களையும் அனுப்புங்கள். ஸ்லீவ் தேவையா என்று பார்த்துச் சொல்கிறேன்.