எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியில் போட்டிருக்கும் சி.எஃப்.எம். எதைச் சொல்கிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி: "குளியலறைக்குப் புது எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கப் பார்க்கிறோம். ஒரு பெட்டியில் 110 சி.எஃப்.எம். என்றும், அதே அளவுள்ள இன்னொரு பெட்டியில் 170 சி.எம்.எச். என்றும் இருக்கிறது. எதற்கு வேகம் அதிகம்? எங்களுக்கு எவ்வளவு போதும்? இப்போது இருக்கும் ஃபேனும் நன்றாகத்தான் சுற்றுகிறது. ஆனால் குளித்து அரை மணி நேரமானாலும் கண்ணாடியில் படிந்த ஆவி போக மாட்டேன் என்கிறது."

உங்கள் முதல் சந்தேகத்துக்கு நேரான பதில்: 110 போட்டிருப்பதுதான் அதிகக் காற்றை வெளியேற்றும். சி.எஃப்.எம். என்பது க்யூபிக் ஃபீட் பெர் மினிட், அதாவது ஒரு நிமிடத்தில் எத்தனை கன அடிக் காற்று வெளியே போகும் என்ற கணக்கு. சி.எம்.எச். என்பது ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் என்பது. ஒரு சி.எஃப்.எம். கிட்டத்தட்ட 1.7 சி.எம்.எச். ஆகவே 170 என்று பெரிதாகத் தெரிவது உண்மையில் 100 சி.எஃப்.எம்.தான். சில பெட்டிகளில் விநாடிக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருப்பார்கள், அதை 2.1 ஆல் பெருக்கினால் சி.எஃப்.எம். வந்துவிடும்.

எவ்வளவு தேவை என்பதை நீங்களே கணக்குப் போடலாம். அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். குளியலறைக் காற்று மணிக்கு எட்டு முறையாவது மாற வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எனவே வந்த எண்ணை எட்டால் பெருக்கி 60 ஆல் வகுத்தால் போதும். 8 அடிக்கு 5 அடி, உயரம் 9 அடி என்றால் 360 கன அடி. விடை 48 சி.எஃப்.எம். வெப்பம், குளிர்ச்சி, காற்றோட்டம் சார்ந்த பொறியாளர்களின் அமைப்பான அமெரிக்காவின் ஆஷ்ரே வகுத்த 62.2 என்ற தரவிதியும் இதையொட்டித்தான் இருக்கிறது. தேவைப்படும்போது மட்டும் போடும் குளியலறை ஃபேனுக்கு 50 சி.எஃப்.எம்., நாள் முழுக்க ஓடுவதற்கு 20 என்கிறது அது.

அப்படிப் பார்த்தால் நீங்கள் பார்த்த இரண்டு ஃபேனுமே இந்த அளவு குளியலறைக்குத் தாராளம். இப்போது இருக்கும் ஃபேனும் அனேகமாகப் போதுமானதாகவே இருக்கும். பிறகு ஏன் ஆவி போகவில்லை? புது ஃபேனுக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். வெளியே போகிற அளவுக்குக் காற்று உள்ளே வந்தால்தான் எந்த ஃபேனும் வேலை செய்யும். அறையை இறுக மூடி வைத்தால் இறக்கை சுற்றும், சத்தம் வரும், காற்று மட்டும் நகராது.

ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். கதவையும் ஜன்னலையும் மூடி, ஃபேனைப் போட்டு, அதன் முன்பக்க ஜாலியில் பேப்பரை வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் தொங்குகிறதா? அப்புறம் கதவை ஒரு சாண் திறந்து மறுபடி வையுங்கள். இப்போது சட்டென்று ஒட்டிக்கொண்டால் ஃபேன்மேல் குற்றமில்லை, காற்று நுழைய வழியில்லை என்று அர்த்தம். கதவின் அடியில் இடைவெளி விடுவதுதான் எளிய வழி. இங்கிலாந்தின் கட்டட விதிகள் 76 சென்டிமீட்டர் அகலக் கதவுக்குக் கீழே 1 சென்டிமீட்டர் இடைவெளி கேட்கின்றன. அந்த இடைவெளி வழியாக 50 சி.எஃப்.எம். நுழைய வேண்டுமென்றாலே காற்று விநாடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் வர வேண்டியிருக்கும். அதே சந்தில் 100 சி.எஃப்.எம். இழுக்கப் பார்த்தால் எதிர்ப்பு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகிவிடும். பெரிய ஃபேன் மாட்டியும் பலருக்குச் சத்தம் மட்டும் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கதவைத் திறந்தும் பேப்பர் ஒட்டவில்லையா? அப்படியானால் அடைப்பு வெளியேறும் பக்கத்தில் இருக்கிறது. வெளியே போய், ஃபேன் ஓடும்போது ஷட்டரின் தகடுகள் தூக்கி நிற்கின்றனவா என்று பாருங்கள். ஈரமும் தூசியும் சேர்ந்து தகடுகளின் முனையில் பசைபோல் இறுகியிருக்கும். பாதி தகடு திறக்கவே திறக்காது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பூச்சி வலை போட்டிருந்தால் அதையும் கழற்றிக் கழுவுங்கள்.

குழாய் வழியாகக் காற்றை வெளியே விடுகிற அமைப்பு என்றால் சங்கதி வேறு. பெட்டியில் இருக்கும் எண் பெரும்பாலும் எந்தத் தடையும் இல்லாத திறந்த வெளியில் அளந்தது. நீண்ட குழாய், இரண்டு மூன்று வளைவு, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் ஃப்ளெக்ஸிபிள் குழாய் என்று சேரச் சேர அந்த எண் சரிந்துகொண்டே போகும். சாதாரண இறக்கை ஃபேன் சுவரில் ஓட்டை போட்டு நேராக மாட்டுவதற்குத்தான் ஏற்றது. குழாய் இருந்தால் சென்ட்ரிஃபியூகல் (உருளை போன்ற சக்கரத்தால் காற்றை அழுத்தித் தள்ளுவது) அல்லது இன்லைன் (குழாயின் நடுவே பொருத்துவது) ஃபேன் வாங்குங்கள். குழாயின் தடையை அழுத்தமாக, பாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள். "25 பாஸ்கல் அழுத்தத்தில் எவ்வளவு தள்ளும்?" என்று கேட்டு, அந்த எண்ணை வைத்துத் தேர்ந்தெடுங்கள். குழாயின் மறுமுனை கட்டாயம் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் விட்டால் ஈரம் அங்கேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

இன்னொன்று. ஃபேனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள். வெளிக்காற்று அந்த ஜன்னல் வழியாக வந்து அப்படியே ஃபேன் வழியாகப் போய்விடும். அறையின் மறுகோடியில் இருக்கும் ஆவி அசையாது. எதிர்ப்பக்கத்தில்தான் திறப்பு வேண்டும். சமையலறைக்கும் இதே கணக்குதான், மணிக்கு 15 முதல் 20 முறை காற்று மாற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் அடுப்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இங்கிலாந்து விதியில், அடுப்புக்கு மேலே மாட்டி வீட்டுக்கு வெளியே காற்றை விடும் ஹுட் இருந்தால் விநாடிக்கு 30 லிட்டர் போதும். அது இல்லாவிட்டால் 60 வேண்டும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கிறதா? காற்று நுழைய வழியில்லாத அறையில் ஃபேன் இழுக்கும்போது, கீசரின் புகைக்குழாய் வழியாக வெளியே போக வேண்டிய புகை திரும்ப உள்ளே வரலாம். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று தொடங்கி உயிரையே பறித்துவிடும். கீசரைக் குளியலறைக்கு வெளியே மாற்றுவதுதான் பாதுகாப்பு. மாற்றும்வரை அதைப் பயன்படுத்தாதீர்கள். பெரிய ஃபேன் மாட்டுகிற யோசனையையும் தள்ளிப்போடுங்கள்.

டிஷ்யூ சோதனை செய்து, கதவடியைச் சரிபார்த்து, ஷட்டரையும் கழுவிய பிறகும் ஆவி நின்றால் தாராளமாகப் புது ஃபேன் வாங்கலாம். நேராகச் சுவரில் மாட்டுவதென்றால் இரண்டில் எதை எடுத்தாலும் சரி. சத்தம் குறைவானதையே எடுங்கள். சத்தம் போடும் ஃபேனைக் குளித்து முடித்ததும் அணைத்துவிடத் தோன்றும். அது இன்னும் 20 நிமிடமாவது ஓட வேண்டும். டைமர் வைத்த மாடல் கிடைத்தால் இன்னும் வசதி.