வன்கூவர் மேப்பிளும் கல்லடிப் பூவரசும்

கேள்வி: அண்ணன் கனடாவில், வன்கூவரில் இருக்கிறார். அவருடைய பின்வளவில் பெரிய இலை மேப்பிள் கன்றுகள் தானாக முளைத்துக் கிடக்கின்றனவாம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கக் கோயிலுக்கு வரும்போது ஒன்றைக் கொண்டு வரவா என்று கேட்கிறார். போன்சாயாக, அதாவது சட்டியில் குறுமரமாக, வளர்க்க எனக்கு ஆசை. மட்டக்களப்புக் கல்லடியில் அது வளருமா? கை விரித்த அளவு இலையை எப்படிச் சிறிதாக்குவது?

பதில்: கொண்டு வர வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். பெரிய இலை மரம் ஒன்றைக் கன்றிலிருந்து போன்சாய் ஆக்கும் ஆசையை மட்டும் விட வேண்டாம். அதற்குத் தோதான மரம் உங்கள் வேலியிலேயே நிற்கக்கூடும்.

முதலில் சட்டம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, விவசாயத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி இல்லாமல் கன்றோ விதையோ நாட்டுக்குள் கொண்டு வர முடியாது. வேரில் மண் ஒட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். ஒரு மண்ணுருண்டையில் எத்தனை புழுவும் பூஞ்சையும் வருமென்று யாருக்கும் தெரியாது.

சரி, அனுமதி கிடைத்தாலும் மரம் இங்கே நிலைக்காது. இந்த மேப்பிள் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர மரம். பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து கலிபோர்னியா வரை காடுகளில் நிற்கிறது. மேப்பிள் இனங்களிலேயே மிகப் பெரிய இலை இதற்குத்தான். 30 சென்ரிமீற்றர் அகல இலை அங்கே சாதாரணம். இலைக்காம்பை ஒடித்தால் பால் கசியும். ஆண்டுதோறும் இலையைக் கொட்டி, பல வாரம் ஏழு பாகைக்குக் கீழான குளிரில் உறங்கினால்தான் அடுத்த இளவேனிலில் அதன் மொட்டுகள் ஒழுங்காக விரியும். மட்டக்களப்பில் தை மாதத்து விடியற்காலை கூட 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். வெளிச்சக் கணக்கும் ஒத்துவராது. வன்கூவரில் பகல் மார்கழியில் எட்டு மணித்தியாலம், ஆனியில் பதினாறு. நமக்கோ ஆண்டு முழுவதற்கும் ஒரு மணித்தியால வித்தியாசம் கூட இல்லை. எப்போது இலை உதிர்ப்பது, எப்போது துளிர்ப்பது என்று மரத்துக்கு விளங்காது. முதல் ஆண்டு நன்றாகத்தான் தெரியும். அப்புறம் சேமித்து வைத்த சத்தெல்லாம் கரைந்து, கொப்பு நுனிகள் காய்ந்து, இரண்டு மூன்று ஆண்டில் போய்விடும். பிரிட்ஜில் வைத்து உறங்க வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சிறு கன்றுக்கு அது நடக்கலாம். பத்து ஆண்டு மரத்தை எந்த பிரிட்ஜில் வைப்பீர்கள்? நுவரெலியாக் குளிரும் இதற்குப் போதாது.

அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. அவர் அங்கே போன்சாய் செய்வதென்றால், அதே காடுகளில் வளரும் ‘வைன் மேப்பிள்’ என்ற சிறு மரத்தை எடுக்கட்டும். அதன் இலை உள்ளங்கை அளவுதான். பெரிய இலை மேப்பிளின் கணுக்களுக்கிடையே இடைவெளி கூட, கொப்பும் தடிப்பு. பழகிய கைகளே அதைத் தொடத் தயங்கும்.

இனி உங்கள் பக்கம். நான் சொல்வது பூவரசு. இலை ஒரு சாண் வரை போகும், வெட்டைப் பொறுக்கும், வெட்டிய இடத்தில் துளிர்க்கும். கல்லடி போல வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலத்தில், கோடையில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பேறினாலும் முகம் சுளிக்காது. மேப்பிளாக இருந்தால் அந்தத் தண்ணீருக்கே இலை விளிம்பு கருகிவிடும். நாம் ‘பீப்பீ’ ஊதியே தீர்த்த இலை என்பதால் யாரும் இதைச் சட்டி மரமாக நினைப்பதில்லை.

பூவரசென்றால் வேலித் தடியாக, அதாவது கதியாலாக, வெட்டி நடுவதுதான் வழக்கம். அவசரக்காரருக்கு அது குறுக்குவழி. மணிக்கட்டுத் தடிப்புக் கதியால் சில மாதத்திலேயே வேர் பிடித்துத் துளிர்த்துவிடும். ஆனால் அடியும் நுனியும் ஒரே தடிப்பில் கம்பம் போல நிற்கும், வேரும் ஒரு பக்கமாகத்தான் ஓடும். போன்சாயில் முதலில் கண்ணில் படுவது மண்ணைப் பிடித்து நாலாபுறமும் விரியும் வேரடி. கன்றிலிருந்து தொடங்கினால் அதை உங்கள் விருப்பப்படி அமைக்கலாம்.

காய்ந்த காயை உடைத்து, மயிர் படர்ந்த விதையின் தோலை மண்தாளில் ஒரு பக்கம் இலேசாகத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவிடுங்கள். மாரி ஓய்ந்த பிறகு, மாசியில் விதைப்பது நல்லது. நாலைந்து இலை விட்டதும் கன்றைக் கிளப்பி, நேரே கீழே போகும் ஆணிவேரைக் கூர்மையான கத்தியால் பாதிக்கு மேலே நறுக்குங்கள். பயப்பட வேண்டாம். இரண்டு கிழமை நிழலில் வைத்தால் வெட்டுக்கு மேலே சுற்றிவரப் பக்கவேர்கள் கிளம்பும். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் நிலத்தில் நடுங்கள். நடும்போது அடியில் ஒரு ஓட்டுத் துண்டை வைத்து, வேர்களைச் சூரியக் கதிர் மாதிரி அதன்மேல் பரப்பி மண் போடுங்கள். வேர் கீழே இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் தடிக்கும்.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த கட்டத்தில். கன்று கையில் வந்ததும் அழகான தட்டைச் சட்டியில் நட்டு, இலையைக் கிள்ளத் தொடங்குவார்கள். பத்து ஆண்டு போனாலும் அது சட்டியில் நட்ட குச்சியாகவே இருக்கும். மரம் தடிக்க இலை வேண்டும், நீளக் கொப்பு வேண்டும், வேர் ஓட இடம் வேண்டும். ஆகவே மூன்று நான்கு மாரி போகும் வரை நிலத்திலேயே விடுங்கள்; நிலம் இல்லையென்றால் அடியில் துளையிட்ட பெரிய பேசினில். ஆள் உயரத்துக்கு மேலே போனாலும் வெட்ட வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை மண்வெட்டியால் ஒரு முழம் தள்ளிச் சுற்றிவரக் குத்தி வேரை மட்டும் அறுத்துவிடுங்கள்.

எவ்வளவு தடித்தால் போதும்? அடித் தடிப்பின் ஆறு மடங்கு உயரம் என்பது போன்சாய்க்காரர் கணக்கு. அடி 10 சென்ரிமீற்றர் என்றால் மரம் 60. பெரிய இலை மரத்தை இதைவிடச் சிறிதாக்க ஆசைப்பட வேண்டாம். ஒரு சாண் உயர மரத்தில் பத்து இலை நின்றால் அது கீரைக் கன்று மாதிரித்தான் தெரியும்.

அடி தடித்த பிறகு, இறுதி உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் துணிந்து அறுங்கள். அறுப்பதும் மாசி, பங்குனியில்தான். மாரியில் அறுத்தால் வெட்டுவாய் அழுகும். கீழே வெடிக்கும் துளிர்களில் நல்லதொன்றை அடுத்த தண்டாக நிமிர்த்தி, அது பாதித் தடிப்பு வந்ததும் அதையும் அறுங்கள். ஒவ்வோர் அறுப்பிலும் மரம் மேலே போகப் போக மெலிந்து வரும். கதியாலில் கிடைக்காதது இதுதான். கொப்பு வளைக்க அலுமினியக் கம்பி போதும், ஆனால் நம் வெயிலில் மரம் வேகமாகப் பருக்கும். இரண்டு கிழமைக்கொருமுறை பாருங்கள்; கம்பி பட்டையில் பதியத் தொடங்கினால் சுற்றிக் கழற்றாமல் குறட்டால் துண்டு துண்டாக வெட்டியெடுங்கள்.

சட்டிக்கு மாற்றும்போது வளவு மண்ணைப் போட வேண்டாம். செங்கல்லை இடித்து அரிதட்டில் அரித்து, 3 முதல் 6 மில்லிமீற்றர் துண்டுகளை மட்டும் எடுத்து, தூளைக் கழித்துவிடுங்கள். அதில் மூன்று பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு கைப்பிடி. கார்த்திகை மழை நாள்கணக்கில் பெய்தாலும் இதில் தண்ணீர் தேங்காது. கச்சான் காற்று அடிக்கும் வைகாசி முதல் ஆவணி வரை மட்டும் காலை மாலை இரு வேளையும் ஊற்ற வேண்டிவரும்; மதிலோரம் காற்று மறைவில் வையுங்கள்.

இப்போதுதான் நீங்கள் கேட்ட இலை. விரிந்த இலை ஒருநாளும் சிறுக்காது, அடுத்த இலைதான் சிறிதாக வரும். மரத்தின் சத்து பத்து நுனிக்குப் போனால் பெரிய இலை, நூறு நுனிக்குப் பிரிந்தால் சின்ன இலை. ஆகவே முதலில் கிள்ளிக் கிள்ளிக் கொப்பைப் பெருக்குங்கள்: ஒவ்வொரு துளிரும் நாலு இலை விட்டதும் இரண்டுக்குக் குறையுங்கள். முழு வெயிலில் வையுங்கள், நிழல் இலையைப் பெருக்கும். மரம் சட்டியில் ஓராண்டு நன்றாக நின்ற பிறகு, பங்குனி வாக்கில் இலையை வெட்டுங்கள். காம்பை விட்டுவிட்டு இலைத் தகட்டை மட்டும் கத்தரிக்க வேண்டும். சில நாளில் காம்பு மஞ்சளாகித் தானாக விழும், அதன் கக்கத்தில் இருக்கும் மொட்டு விழிக்கும். பலமான மேல்கொப்புகளில் எல்லா இலையையும் எடுங்கள், நோஞ்சான் கீழ்க்கொப்புகளைத் தொட வேண்டாம். இலை இல்லாத மரம் தண்ணீர் குடிக்காது, ஊற்றுவதைக் குறையுங்கள். யூரியா பக்கமே போக வேண்டாம், சிறிதாக வர வேண்டிய இலை அதில் ஊதிப் பெருத்துவிடும்.

இப்படிச் செய்தால் இலை பாதியாகும், கைப்பழக்கம் வந்தால் மூன்றில் ஒன்றாகும். அதற்கு மேலே எதிர்பார்க்க வேண்டாம். பூவும் காயும் சிறுக்கவே சிறுக்காது. இவ்வளவு சிறிய மரத்தில் முழு அளவு மஞ்சள் பூ காலையில் விரிந்து, பொழுது சாயச் சிவந்து வாடும். சிலருக்கு அது பொருத்தமில்லாமல் படும், எனக்கு அதுதான் இந்த மரத்தின் அழகு.

இலை வெட்டிய பிறகு வரும் இளந்துளிரை இலைச்சுருட்டிப் புழு விடாது. சுருண்ட இலையைக் கண்டால் மருந்து தேடி ஓடாமல், பிரித்துப் பார்த்துப் புழுவைக் கையாலேயே நசுக்கிவிடுங்கள். கணுவில் வெள்ளையாக மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த பழைய பல்தூரிகையால் தேய்த்துக் கழுவினால் போதும்.